ஒரு கடிகாரம், இரண்டு ஊர் நேரம்

சென்ற ஆண்டு ஒரு நாள் பிற்பகல். ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து, மாணவர்கள் வெர்னியர் அளவிகளையும் திருகு அளவிகளையும் திருப்பிக் கொடுத்துக் கொண்டிருந்தனர். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் மட்டும் தயங்கி நின்று, கைக்கடிகாரம் ஒன்றை என் மேசைமீது வைத்தார். "சார், இது பழுதா, இல்லை எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அவருடைய அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் தளமொன்றில் வேலை செய்கிறார். தாயார் நூற்பாலையில் இருக்கிறார். ஆலைக்குள் கைபேசி கொண்டு போகக் கூடாது; வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். இரவு ஷிப்டில் இயந்திரத்தோரம் நிற்கும்போதெல்லாம் அந்தத் தாய்க்கு ஒரே எண்ணம்தான்: "அவனுக்கு இப்போது மணி என்ன? வேலை முடிந்து அறைக்குப் போயிருப்பானா?" இதற்காகவே இளைய மகன், மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த நாலாயிரம் ரூபாயைக் கொடுத்து, "வெளிநாட்டு நேரமும் காட்டும்" என்று கடைக்காரர் சொன்ன அந்தக் கடிகாரத்தை வாங்கியிருந்தார்.

அழகான கடிகாரம்தான். வழக்கமான மூன்று முட்களோடு சிவப்பு நிறத்தில் நான்காவது முள் ஒன்று இருந்தது. முகப்பின் ஓரத்தில் 1 முதல் 24 வரை எண்கள் இருந்தன. ஆனால், சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியது. நம் ஊரில் மாலை 4 என்றால் அங்கே 6.30. சிவப்பு முள்ளோ 18-இல் நிற்கிறது, அல்லது தாவி 19-இல் போய் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்க மறுக்கிறது! கடையில் கேட்டதற்கு, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கூறிவிட்டார்களாம்.

கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பழுது ஏதுமில்லை. மாணவர் பார்த்த முறையிலும் தவறில்லை. தவறு வேறோர் இடத்தில் இருந்தது. இன்று வெளிநாட்டில் உறவினர் இல்லாத தெருவே நம் ஊர்களில் அரிது. இத்தகைய கடிகாரம் வாங்க எண்ணும் எவருக்கும் இந்தத் தொல்லை நேரலாம். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சிவப்பு முள் எப்படி ஓடுகிறது?

மலிவான கடிகாரங்களில் பெரும்பாலானவை குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்தவை. அவற்றினுள் இசைக்கவை போன்ற வடிவில் மிகச் சிறிய குவார்ட்ஸ் படிகம் ஒன்று உள்ளது. மின்கலத்தின் ஆற்றலால் அது வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது என்ன விந்தையான எண் என்று கேட்கலாம். 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள். இந்த எண் வரும். மின்சுற்று இந்த அதிர்வெண்ணை 15 முறை பாதியாக்கினால், வினாடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சுகிறது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் ஒரு குட்டி மோட்டாரை அரைச் சுற்று திருப்புகிறது. மோட்டாரிலிருந்து பற்சக்கரங்களின் வழியாக வினாடி முள், பெரிய முள், சிறிய முள் ஆகியன ஓடுகின்றன.

பெரிய முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. சிறிய முள் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது அரைப் பாகை நகர்கிறது. சிவப்பு முள்ளுக்காக இன்னும் ஒரு சக்கரத்தைச் சேர்த்து, சிறிய முள்ளின் வேகத்தை மீண்டும் பாதியாக்கிவிடுகின்றனர். எனவே அது நாளொன்றுக்கு ஒரே ஒரு சுற்று சுற்றுகிறது. மணிக்கு 15 பாகை. சூரியனை நோக்கப் பூமி சுழலும் வேகமும் இதுவேயன்றோ! பூமியின் சுழற்சியைச் சிறு உருவில் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிகிறோம் என்று கூறினால் மிகையாகாது.

இனி, சிவப்பு முள்ளை மட்டும் தனியே நகர்த்துவது எப்படி? அதன் அச்சில் நட்சத்திர வடிவத்தில் ஒரு சக்கரமும், அதன் பள்ளத்தில் வந்து அமரும் மெல்லிய வில் ஒன்றும் இருக்கின்றன. பக்கத்துக் குமிழை ஒரு நிலைக்கு இழுத்துத் திருகினால், வில் ஒரு பள்ளத்திலிருந்து எழும்பி அடுத்த பள்ளத்தில் விழுகிறது. முள் சரியாக ஒரு மணி தாவுகிறது. பாதி வழியில் நிற்பதற்குப் பள்ளம் கிடையாது. மாணவரின் கடிகாரம் நடுவில் நிற்க மறுத்ததன் காரணம் இதுவே.

இப்படிச் செய்திருப்பது உற்பத்தியாளரின் சோம்பலன்று. முகப்பில் பெரிய முள் ஒன்றே ஒன்றுதான் உள்ளது என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஊருக்கும் நிமிடம் காட்ட வேண்டியது அதே முள்தான். சிவப்பு முள்ளை அரை மணி தள்ளி நிறுத்த முடிந்தாலும், பெரிய முள் 12-இல் நின்றுகொண்டு "நிமிடம் பூச்சியம்" என்றுதானே சொல்லும்? இரு ஊர்களின் வேறுபாடு முழு மணிகளாக இருக்கும் வரை ஒரே பெரிய முள் இரண்டுக்கும் பொருந்தும். அரை மணி குறுக்கிட்டால் பொருந்தாது. இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும், பாரிசுக்கும் டோக்கியோவுக்கும் வேறுபாடு முழு மணிகளே. அத்தகைய நாடுகளில் வாழ்பவரை மனத்தில் வைத்து அமைத்த கடிகாரம் நம் கைக்கு வரும்போது திணறுகிறது.

நமக்கு மட்டும் ஏன் அரை மணி?

1884-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாடு, கிரீனிச் வழியே செல்லும் தீர்க்கரேகையை முதல் ரேகையாக ஏற்றது. அதன்பின் உலக நாடுகள் சிறிது சிறிதாக 15 பாகைக்கு ஒரு மணி என்ற கணக்கில் தம் திட்ட நேரத்தை வகுத்துக் கொண்டன. இந்தியா கிழக்கு மேற்காக அகன்ற நாடு. அதன் நடுவே செல்லும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம் நாடு முழுமைக்கும் பொதுவாகக் கொள்ளப்பட்டது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் எனப் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது 5½ மணி. இது 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் சென்னைக்கெனத் தனி நேரம் இருந்தது. சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணித்த அந்த நேரம் கிரீனிச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. அந்த ஒற்றைப்படை நிமிடங்கள் இன்றும் நீடித்திருந்தால் நம் பாடு இன்னும் திண்டாட்டமாகியிருக்கும்!

இதன் விளைவைப் பாருங்கள். துபாய், மஸ்கட் நமக்கு 1½ மணி பின்னே. சவூதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன் 2½ மணி பின்னே. சிங்கப்பூரும் மலேசியாவும் 2½ மணி முன்னே. இலண்டன் குளிர்காலத்தில் 5½ மணி பின்னே. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவதால் 4½. நியூயார்க், டொராண்டோ 10½ மணி பின்னே, கோடையில் 9½. இந்த இடங்களில் முழு மணி வேறுபாடு உள்ளது ஒன்றுகூட இல்லை. இலங்கைக்கும் நமக்கும் வேறுபாடே இல்லை. அங்கே 1996-இல் நேரத்தை மாற்றி வைத்து, 2006-இல் மறுபடியும் நம் நேரத்துக்கே திரும்பிவிட்டனர்.

சிங்கப்பூரைப் பற்றி ஒரு வேடிக்கை. 1981-ஆம் ஆண்டு இறுதி வரை அந்நாட்டு நேரம் கிரீனிச்சைவிட 7½ மணிதான் முந்தியிருந்தது. அப்போது நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு சரியாக 2 மணி. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தை ஏற்படுத்தியபோது, சிங்கப்பூரும் உடன் சேர்ந்து 1982 சனவரி முதல் அரை மணி முன்னே நகர்ந்தது. அண்ணன் 1982-க்கு முன்பே சிங்கப்பூர் போயிருந்தால் இந்தச் சிவப்பு முள் ஒழுங்காக வேலை செய்திருக்கும் என்று மாணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாலாயிரம் ரூபாய் அல்லவா!

பெரிய முள்ளின் வால்

சிக்கலுக்குத் தீர்வு கடிகாரத்திலேயே இருக்கிறது. பெரிய முள்ளின் கூர்முனை ஒரு பக்கம் நிமிடத்தைக் காட்டும்போது, அதன் வால் நேர் எதிர்ப்பக்கம் இன்னோர் எண்ணைக் காட்டிக் கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே 180 பாகை, அதாவது சரியாக 30 நிமிடம். கூர்முனை 20-இல் இருந்தால் வால் 50-இல். கூர்முனை 40-இல் இருந்தால் வால் 10-இல். அரை மணி வேறுபாடு உள்ள எந்த நாட்டின் நிமிடத்தையும் வால் எப்போதும் பிசகின்றிக் காட்டுகிறது! சில கடிகாரங்களில் வால் மிகக் குட்டையாக இருக்கும். அங்கே முள்ளை மனத்தால் எதிர்ப்புறம் நீட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிமிடம் கிடைத்துவிட்டது. மணியைச் சிவப்பு முள்ளிடமிருந்து பெறுவோம். சிங்கப்பூருக்கு 2½ அல்லவா? முள்ளை 2 மணி மட்டும் முன்னே வையுங்கள். அதாவது உண்மை நேரத்துக்கு அரை மணி பின்னால். இனி வாலைப் பாருங்கள். வால் முகப்பின் இடப் பாதியில் (30-க்கும் 60-க்கும் இடையே) இருந்தால், சிவப்பு முள் கடந்துவிட்ட மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். வால் வலப் பாதியில் இருந்தால் அடுத்த மணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்போம். நம் நேரம் மாலை 4.20. சிவப்பு முள் 18-ஐக் கடந்து நிற்கிறது. வால் 50-இல், இடப் பாதி. ஆகவே 18 மணி 50 நிமிடம், மாலை 6.50. சரி. நம் நேரம் 4.40 ஆகட்டும். சிவப்பு முள் இன்னமும் 18-க்கும் 19-க்கும் இடையில்தான். வால் 10-இல், வலப் பாதி. அடுத்த மணியை எடுத்தால் 19 மணி 10 நிமிடம், இரவு 7.10. இதுவும் சரி.

இலண்டனைப் போல நேரம் பின்தங்கிய ஊர்களுக்கும் இதே விதிதான். உண்மை நேரத்துக்கு அரை மணி பின்னால் முள்ளை வைக்க வேண்டும் என்பதால், 5½ மணி பின்தங்கிய ஊருக்கு முள்ளை 6 மணி பின்னே தள்ள வேண்டும். துபாய்க்கு 2 மணி பின்னே.

மாணவர் இதைக் கேட்டதும், தாம் சற்று முன்பு திருப்பிக் கொடுத்த வெர்னியர் அளவியைக் காட்டினார். "முதன்மை அளவுகோலில் முழு அளவு, வெர்னியரில் மிச்சம். அதுதானே சார்?" அதுவேதான். இரண்டு ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதைவிட, நாலாயிரம் ரூபாய் நட்டம் அவருக்கு வெர்னியரை நன்றாகப் புரிய வைத்திருந்தது.

வாங்கு முன் பார்க்க வேண்டியவை

மேற்கூறிய வழி, வாங்கியதை வீணாக்காமல் காப்பாற்றுவதற்கு. இனிமேல் வாங்குவோர் எதை வாங்கலாம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. முகப்பினுள் 24 மணி குறித்த சின்னஞ்சிறு வட்டம் ஒன்று பல கடிகாரங்களில் காணப்படுகிறது. அதைக் காட்டி "இரண்டு நேரம் காட்டும்" என்று விற்போர் உண்டு. அதன் முள் பெரும்பாலும் சிறிய முள்ளோடு பிணைக்கப்பட்டது. நம் ஊரில் இது பகலா இரவா என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கடையிலேயே இதைச் சோதிக்கலாம். குமிழை ஒவ்வொரு நிலைக்கும் இழுத்துத் திருகிப் பாருங்கள். ஏதேனும் ஒரு நிலையில் அந்த முள் மட்டும் தனியே நகர வேண்டும். சிறிய முள்ளும் கூடவே ஓடினால் அது வெறும் அலங்காரமே. விளிம்பில் நகரங்களின் பெயர்களை அச்சிட்டிருப்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். 24 நகரங்கள் கொண்ட பட்டியலில் பலவேளை கராச்சி இருக்கும், டாக்கா இருக்கும். இடையில் அரை மணியில் நிற்கும் இந்தியாவுக்கு இடம் இராது. ஐரோப்பாவின் கோடைகால மாற்றமும் அச்சிட்ட பெயருக்குத் தெரியாது.

நான்கு முட்கள் கொண்ட கடிகாரங்களில் இரு வகை உண்டு. ஒன்றில் 24 மணி முள் தாவும். மற்றதில் அது நிலைத்து ஓட, சாதாரணச் சிறிய முள் மணி மணியாகத் தாவும். ஊரிலிருந்தபடியே வேறோர் ஊரின் நேரத்தை அறிய விரும்புவோருக்கு முதல் வகை போதும். விலையும் பொதுவாகக் குறைவு. இரண்டாம் வகை அடிக்கடி விமானம் ஏறுவோருக்கானது. ஆனால், சென்னையில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கும் நம்மவருக்கு அதனால் முழுப் பயனில்லை. அங்கே பெரிய முள்ளையும் அரை மணி திருப்பியாக வேண்டும். திருப்பினால் 24 மணி முள்ளும் கூடவே நகர்ந்து ஊர் நேரத்தைக் கெடுத்துவிடும். கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

இரண்டு தனித்தனி இயந்திரங்களை ஒரே கூட்டில் அடைத்த கடிகாரங்களும் கிடைக்கின்றன. இரண்டு முகப்பு, இரண்டு பெரிய முள், இரண்டு குமிழ். அரை மணித் தொல்லை இவற்றுக்குக் கிடையவே கிடையாது. நேபாளத்தின் 5¾ மணியைக்கூட வைத்துக் கொள்ளலாம். பார்த்தவுடன் படிக்க இதைவிட எளிது வேறில்லை. கணக்கே வேண்டாம் என்போர் இதையே வாங்கலாம். ஆயினும் மின்கலம் இரண்டு. தீரும் நாளும் வெவ்வேறு. மேலும், சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு 20 வினாடி வரை முன்பின் ஆகலாம். ஒன்று முந்தி மற்றது பிந்துமானால், ஓராண்டில் இரண்டுக்கும் இடையே 8 நிமிடம் வரை வேறுபாடு சேர்ந்துவிடும். எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

என் சொந்தத் தேர்வு இவற்றுள் எதுவுமன்று. சாதாரண மூன்று முள் கடிகாரத்தின் கண்ணாடியைச் சுற்றி, கையால் திருப்பக்கூடிய வளையம் ஒன்று இருந்து, அதில் 1 முதல் 12 வரை எண்கள் இருந்தால் போதும். நான்காவது முள்ளே தேவையில்லை. கெட்டுப் போவதற்குப் புதிதாக ஒன்றும் உள்ளே இல்லை. இதை ஏழைகளின் உபாயம் என்று எண்ண வேண்டாம். பான் அமெரிக்கன் நிறுவன விமானிகளுக்காக 1950-களின் நடுவில் ரோலக்ஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஜி.எம்.டி. மாஸ்டர் கடிகாரத்திலும் முதலில் 24 மணி முள் தனியே நகரவில்லை. சிறிய முள்ளோடு பிணைந்தே ஓடிற்று. மற்ற ஊரின் நேரத்தை அந்த விமானிகள் வளையத்தைத் திருப்பித்தான் அறிந்தனர்.

வளையத்தை வைக்கும் முறை இது. மற்ற ஊர் எத்தனை மணி பின்தங்கியதோ, முகப்பின் அந்த மணிக்கு நேராக வளையத்தின் 12-ஐக் கொண்டு வாருங்கள். இலண்டனுக்குக் குளிர்காலத்தில் 5-க்கும் 6-க்கும் நடுவில். மற்ற ஊர் முந்தியதானால் 12-இலிருந்து அந்த வேறுபாட்டைக் கழித்து வரும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். சிங்கப்பூருக்கு 12-இலிருந்து 2½ போக 9½. ஆகவே 9-க்கும் 10-க்கும் நடுவில். பிறகு சிறிய முள் வளையத்தில் காட்டுவது அந்த ஊரின் மணி; பெரிய முள்ளின் வால் முகப்பில் காட்டுவது நிமிடம். நம் நேரம் 4.20 எனில், சிறிய முள் வளையத்தில் 6-ஐத் தாண்டி 7-ஐ நெருங்கி நிற்கும், வால் 50-இல். 6.50! இம்முறையில் வளையத்தையே அரை மணி தள்ளி வைத்துவிட்டதால், இடப் பாதி, வலப் பாதி என்று பார்க்க வேண்டியதில்லை.

கடையில் வளையத்தை ஒரு முழுச் சுற்று திருப்பி, எத்தனை முறை "டிக்" என்கிறது என்று எண்ணுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். நமக்கு வேண்டிய அரை மணி, 12 மணி வளையத்தில் 15 பாகை. சுற்றுக்கு 24 டிக் என்றால் ஒரு டிக்; 120 என்றால் 5 டிக். இவை இரண்டும் நன்று. 60 என்றால் ஒரு டிக் 6 பாகை. 15 பாகைக்கு இரண்டரை டிக் வேண்டும். 12-லோ 18-லோ நிறுத்தினால் 3 பாகை பிசகும். சிறிய முள்ளுக்கு 3 பாகை என்பது 6 நிமிடம். நிமிடத்தை வாலிலிருந்து எடுப்பதால் இப்பிசகு பெரிதாகத் தொல்லை தராது. 12 டிக் மட்டுமே உள்ள வளையம் நமக்கு ஆகாது. முத்துக் குளிப்போர் பாணியில் 60 நிமிடம் குறித்த வளையம், ஒரே திசையில் சுற்றுவதாயினும், பயன்படும். ஆனால் 10-ஐ 2 என்றும் 35-ஐ 7 என்றும் மாற்றிப் படிக்க வேண்டும்.

வளையம் கண்ணாடியின் மட்டத்திலும், முள் அதற்குக் கீழேயும் இருக்கிறது. சாய்வாகப் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை ஏற்படும். கண்ணை நேர் மேலே வைத்துப் பாருங்கள். அளவி படிக்கையில் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

12 மணி வளையத்துக்கு ஒரு குறை உண்டு. அது பகல், இரவு அறியாது. சிங்கப்பூருக்கு வைத்த அதே 9½ நிலை, கோடைகால நியூயார்க்குக்கும் அப்படியே பொருந்தும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்! இரு ஊர்களுக்கும் அப்போது சரியாக 12 மணி வேறுபாடு; அங்கே காலை 7 என்றால் இங்கே இரவு 7. அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் காலையா மாலையா என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நடுநிசியில் எழுப்பிவிட நேரும்.

செலவே இல்லாத வழி

இலண்டன் நேரம் மட்டும் வேண்டுவோருக்குப் புதுக் கடிகாரமே தேவையில்லை. கையிலுள்ள கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நம் நேரம் பிற்பகல் 2 மணி. தலைகீழாக்கினால் சிறிய முள் 8-இன் இடத்திலும் பெரிய முள் 6-இன் இடத்திலும் தெரியும். 8.30! கிரீனிச் நேரம் காலை 8.30 தான்.

இது மாயமன்று. தலைகீழாக்குவது 180 பாகை சுழற்றுவதே. அதனால் பெரிய முள் 30 நிமிடமும், சிறிய முள் 6 மணியும் தள்ளித் தெரிகின்றன. 6½ மணி கூட்டுவதும் 5½ மணி கழிப்பதும் 12 மணி முகப்பில் ஒன்றே. கூர்ந்து பார்த்தால் ஒரு சிறு பொய் இருப்பதும் தெரியும். உண்மையான 8.30-இல் சிறிய முள் 8-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இங்கோ சரியாக 8-இல் நிற்கிறது. சிறிய முள்ளுக்கு 6½ மணிக்கான 195 பாகை தேவை. நாம் கொடுத்தது 180. மீதி 15 பாகை எப்போதும் பின்தங்கியே இருக்கும். சிவப்பு முள்ளை அரை மணி பின்னால் வைத்தோமே, அதே நிலைதான் இதுவும். ஆகவே நம் நேரம் 2.40 ஆகும்போது, தலைகீழ்க் கடிகாரத்தில் சிறிய முள் 8-ஐத்தான் கடந்திருக்கும். பெரிய முள் 10 நிமிடத்தில் தெரியும். வலப் பாதியில் இருப்பதால் அடுத்த மணியை எடுத்து 9.10 என்று படிக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கோடைகால நேரம். அப்போது படித்ததோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். மகன் அங்கே படிக்கப் போயிருக்கும் பெற்றோர் எவருக்கேனும் இதைச் செய்து காட்டுங்கள், முதலில் நம்பமாட்டார்கள்.

அந்த மாணவர் கடிகாரத்தை எடுத்துச் சென்று, தாயாரிடம் வால் விதியைச் சொன்னாராம். அடுத்த வாரம் வந்து நடந்ததைக் கூறினார். அம்மா கடிகாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளாக மூன்று மணி கூட்டி, அரை மணி குறைத்துக் கொண்டிருந்தேன். இது பரவாயில்லை, வாலைப் பார்த்தால் முடிந்தது" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாராம். கூடவே ஒரு கேள்வியையும் கொண்டு வந்திருந்தார். அண்ணனை வரும் மாதம் துபாய்க்கு மாற்றப் போகிறார்களாம். சிவப்பு முள்ளை எங்கே வைப்பது?

"நீங்களே சொல்லுங்கள்" என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 3.10. சற்று நேரம் உதடு அசைந்தது. பிறகு குமிழை இழுத்து, முள்ளை 13-ஐச் சற்றுக் கடந்து நிறுத்தி, வால் 40-இல் இருப்பதைக் காட்டி, "ஒன்று நாற்பது சார்" என்றார்.